வடிவேலுக்குக் கொடுத்த முதற்பாகம்

1

போன மாதக் கப்பலில் வந்த தங்கள் சஞ்சிகையில், கடல் தாண்டி வாழும் வாசகர்களுக்கென்று ஒரு வேண்டுகோள் போட்டிருந்தீர்கள். இப்போது என்ன புத்தகம் படிக்கிறீர்கள், பிறருக்கு எதைப் படிக்கச் சொல்வீர்கள் என்று எழுதி அனுப்பக் கேட்டிருந்தீர்கள். விளக்கு அறையில் திரி கத்தரித்துக்கொண்டே அதை இரண்டு தரம் படித்தேன்.

நான் நாலாம் வகுப்போடு படிப்பை விட்டவன். கோலாலம்பூரில் ரயில்வே கைகாட்டி மரங்களுக்கு விளக்கேற்றுவது என் வேலை. நாலு பேர் கூடிய இடத்தில் எனக்குப் பேச வராது. ரயிலில் ஒருவர் என் காலை மிதித்துக்கொண்டு நின்றால், அவர் இறங்கும் ஸ்டேஷன் வரும்வரை பொறுத்துக்கொண்டிருப்பேன். எழுதுவது அப்படியில்லை. யாரும் என் முகத்தைப் பார்ப்பதில்லை.

முதல் கேள்விக்கு உடனே பதில் சொல்லிவிடலாம். இப்போது ஒரு துப்பறியும் நாவல் படிக்கிறேன். முதல் நாற்பது பக்கத்தைக் கரையான் தின்றுவிட்டது. யார் செத்தார் என்று எனக்குத் தெரியாது. கொன்றவனைத் தேடுகிற இடத்தில்தான் நான் போய்ச் சேர்ந்துகொண்டேன். அதோடு விஷக்கடிக்கு மருந்து சொல்லும் ஒரு சிறிய புத்தகமும் கையில் இருக்கிறது. ரயில் பாதையோரம் நடப்பவனுக்கு அது வேண்டும்.

இரண்டாவது கேள்விக்கு என் பதில் இது: நான் இப்போது யாருக்கும் எந்தப் புத்தகத்தையும் படிக்கச் சொல்வதில்லை. அதற்குக் காரணமான சங்கதி நடந்து இந்த ஆவணியோடு மூன்று வருஷம் ஆகிறது. அதை எழுதுகிறேன். அச்சில் போடத் தகுந்ததா என்று நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்.

2

பிரிக்ஃபீல்ட்ஸில் ரயில்வேக்காரர்களின் வரிசை வீடுகளுக்குப் பின்னால் டோபி கன்னையாவின் கடை இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை அவர் இஸ்திரிப் பெட்டியைத் தொடமாட்டார். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு துணி தேய்க்கும் மேஜையைச் சுற்றி ஏழெட்டுப் பேர் உட்காருவோம். இரண்டு பேருக்குத்தான் தடங்கலில்லாமல் படிக்க வரும். ஒருவர் உரக்கப் படிப்பார், மற்றவர்கள் கேட்போம்.

பாசார் என்கிற சந்தைக்குப் பக்கத்தில் ஒரு ராவுத்தர் கடையில் ஊதுவத்தி, பஞ்சாங்கம் இவற்றோடு நாவல்களும் விற்கும். நாகப்பட்டினத்திலிருந்து கப்பலில் வருபவை. பெரிய நாவல் முழுதாக வராது. முதற்பாகம் ஒரு கப்பலில் வரும். இரண்டாம் பாகம் ஊரில் அச்சாகி, கட்டி, வேறொரு கப்பலில் வந்து சேர மூன்று மாதமும் ஆகும், ஆறு மாதமும் ஆகும்.

எங்கள் கூட்டத்தில் ஒரு வழக்கம் இருந்தது. படித்து முடித்த புத்தகத்தை யாரும் அலமாரியில் வைக்கக் கூடாது. அடுத்து அது யாருக்குப் பொருந்தும் என்று யோசித்து, அட்டையின் உட்பக்கம் ஒரு சீட்டு ஒட்ட வேண்டும். அதில் அவர் பெயரும், ஏன் அவருக்கு என்று ஒரு வரியும் இருக்க வேண்டும். பெயர் வந்தவர் மறுக்கக் கூடாது, படித்தே தீர வேண்டும்.

இந்தச் சீட்டு எழுதுவதில் எனக்கு ஒரு கை வந்திருந்தது. மகனைப் பறிகொடுத்த கன்னையாவுக்கு எந்தப் பக்திக் கதை ஆகும், தம்பியோடு பேச்சு வார்த்தை இல்லாத, தண்டவாளம் மாற்றும் பாயின்ட்ஸ்மேனுக்கு எந்தக் குடும்பக் கதை ஆகும் என்று எனக்குத் தெரிந்தது. அந்தக் கதையைப் படித்த பாயின்ட்ஸ்மேன் மறு வாரமே தம்பி வீட்டுக்குப் போய் வந்தார். "ரத்தினம் சீட்டு தப்பாது" என்று ஆட்கள் சொல்ல ஆரம்பித்தார்கள். வாய் திறக்காதவனுக்கு அந்தச் சொல் எவ்வளவு பெரிய போதை என்று உங்களுக்குச் சொல்லி முடியாது. கைகாட்டி மரத்தின் உச்சியில் நின்று விளக்கு மாட்டும்போதுகூட, எந்தப் புத்தகம் யாருக்கு என்றுதான் யோசிப்பேன்.

என் மனைவி சௌந்தரத்துக்கு இது பிடிக்காது. "ஊர்ல உள்ளவனுக்கெல்லாம் எது புடிக்கும்னு தெரியுது. பொண்டாட்டிக்குக் கருவாடு புடிக்காதுன்னு பன்னண்டு வருஷமாத் தெரியல" என்பாள்.

மகள் கமலா அப்போதுதான் இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் சேர்ந்திருந்தாள். அவளுக்கென்று படம் போட்ட ஒரு கதைப் புத்தகம் வாங்கி, அதிலும் சீட்டு ஒட்டிக் கொடுத்தேன். புரட்டிப் பார்த்துவிட்டு, "இந்த பூக்குல எழுத்தெல்லாம் ஏன்ப்பா சுருண்டு சுருண்டு இருக்கு?" என்று கேட்டாள். பூக்கு என்றால் மலாயில் புத்தகம். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளிடம் கற்றுக்கொண்டது. சீட்டில் இருந்த அவள் பெயரையே அவளால் படிக்க முடியவில்லை. அன்றைக்கு நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எனக்குத்தான் படிக்க ஒரு கூட்டமே இருந்ததே.

3

வடிவேலு கிள்ளானில் ரயில் கேட்டுக்காரன். முப்பது வயது இருக்கும். ஞாயிறு முறை இல்லாத வாரங்களில் ரயில் ஏறி எங்களிடம் வந்துவிடுவான். எழுத்துக் கூட்டித்தான் படிப்பான். ஒரு புத்தகத்துக்கு ஒரு மாதம் பிடிக்கும். ஆனால் அவன் வந்தால்தான் கூட்டம் களை கட்டும்.

"போன தடவை குடுத்த பொஸ்தகம் எப்படிப்பா?" என்று ஒருமுறை கன்னையா கேட்டார்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா அந்தப் பொண்ணு மூணு எடத்துல மயக்கம் போட்டு விழறா. எங்க கேட்டுல வந்து விழுந்தா தூக்கிவிட ஆள் இல்லண்ணே. நான் ரயிலப் பாப்பனா, அவளப் பாப்பனா?"

"உனக்கென்னடா, ரயிலை நிறுத்திட்டு அவளத்தான் பாப்பே."

"ஐயோ, எனக்கு ஊர்ல ஒருத்தி இருக்கா. அவ காதுல விழப்போவுது."

அந்த ஒருத்தியின் பெயர் அஞ்சலை. மன்னார்குடிப் பக்கம். கல்யாணமாகி இரண்டு வருஷத்தில் அவளை விட்டுவிட்டு இங்கே வந்து ஆறு வருஷம் ஆகியிருந்தது. அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அவள் சொல்லச் சொல்லத் தபால்காரர் எழுதுவார். இவன் போடும் கடிதத்தை அவரே படித்துக் காட்டுவார்.

அந்த ஆவணியில் ஒரு ஞாயிறு வடிவேலு வந்தான். கேலி இல்லை, சிரிப்பு இல்லை. மேஜையின் ஒரு மூலையைப் பார்த்துக்கொண்டே இருந்தான். தேநீர் ஆறிப்போய் ஏடு கட்டியது. அவன் ஊர்க்காரன் ஒருவன் அந்த வாரம் கப்பலிலிருந்து இறங்கியிருந்தான் என்பது மட்டும் எனக்குத் தெரியும். என்ன சொன்னான் என்று தெரியாது.

"என்னடா ஆச்சு?" என்று கேட்டிருக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை. எனக்கு அது வரவில்லை. நான் அப்போதுதான் முடித்திருந்த ஒரு நாவலின் முதற்பாகம் கைப்பையில் இருந்தது. அக்கரைக்குப் பிழைக்கப் போன ஒருவனின் கதை. இவனும் அக்கரைக்கு வந்தவன்தானே, படித்தால் மனசு ஆறும் என்று நினைத்தேன். சீட்டில் இப்படி எழுதினேன்: "வடிவேலுக்கு. நம்மைப் போன்றவன் கதை. அவசியம் படி."

அந்தக் கதையில் அக்கரைக்குப் போனவனுக்கு ஊரிலிருந்து உறவுக்காரன் ஒருவன் எழுதுகிறான், உன் மனைவி நடத்தை கெட்டுவிட்டாள் என்று. அவன் இடிந்துபோகிறான். கடைசி அத்தியாயத்தில் மனைவிக்கு ஒரு கடிதம் எழுதுகிறான், இனி நீ எனக்கு மனைவி இல்லை, நான் உனக்குச் செத்தவன் என்று. ஒன்றரைப் பக்கம், நல்ல நடை. அதோடு முதற்பாகம் முடிகிறது.

இதைப் போய் அவனுக்கு ஏன் கொடுத்தாய் என்று கேட்பீர்கள். நான் அப்போது நாற்பது ஐம்பது நாவல் படித்தவன். முதற்பாகத்தில் வரும் பழி இரண்டாம் பாகத்தில் தீர்ந்துவிடும் என்பது எனக்கு ரயில் நேரம் போலத் தெரியும். அந்தக் கடிதத்தைப் படித்தபோது எனக்கு வருத்தம்கூட வரவில்லை, அடுத்த கப்பல் எப்போது என்றுதான் தோன்றியது. வடிவேலு அப்படிப் படிப்பவன் இல்லை என்பதை நான் நினைத்துப் பார்க்கவில்லை. அவனுக்கு அச்சில் வந்ததெல்லாம் நிஜமாக நடந்தது. எழுத்துக் கூட்டிக் கூட்டி ஒவ்வொரு சொல்லாகச் சுமந்துகொண்டு போனவன், அது முடிந்த இடத்தில்தானே இறக்கி வைப்பான்?

4

தைப் பொங்கல் கழிந்துதான் இரண்டாம் பாகம் வந்தது. ராவுத்தர் கடையில் வாங்கி, நின்றுகொண்டே பாதி படித்தேன். நான் நினைத்தபடியே உறவுக்காரன் சொன்னது பொய். நிலத்துக்காகக் கட்டிய கதை. அக்கரைக்குப் போனவன் ஊர் திரும்புகிறான், மனைவி மன்னிக்கிறாள். மறு ஞாயிறே நான் கிள்ளானுக்கு ரயில் ஏறினேன். வடிவேலு நாலைந்து மாதமாகக் கன்னையா கடைக்குச் சரியாக வரவில்லை. இதைக் கொடுத்தால் பழையபடி வருவான் என்று நம்பினேன்.

அவன் கேட்டுக் குடிசையில் கொடித் துணியைச் சுருட்டிக்கொண்டிருந்தான்.

"வடிவேலு, ரெண்டாம் பாகம் வந்துருச்சு."

"எதுக்கு ரெண்டாம் பாகம்?"

"அந்த அக்கரைக்காரன் கதைக்கு."

"அது முடிஞ்சு போச்சேண்ணே."

"முடியலடா. அந்தப் பொண்ணு மேல ஒரு தப்பும் இல்ல. எல்லாம் சொந்தக்காரன் கட்டிவிட்ட பொய்."

அவன் சுருட்டுவதை நிறுத்தினான். கொடி பாதி அவிழ்ந்து தரையில் கிடந்தது. "எல்லாமேவா பொய்?" என்றான். பிறகு, "அண்ணே, நான் கடுதாசி போட்டு நாலு மாசம் ஆச்சே" என்றான்.

அப்போதுதான் எனக்கு எல்லாம் தெரிந்தது. கப்பலில் வந்த ஊர்க்காரன் அஞ்சலையைப் பற்றி ஒரு பேச்சு கொண்டுவந்திருக்கிறான். நம்புவதா வேண்டாமா என்று தெரியாமல் தவித்துக்கொண்டுதான் அன்றைக்கு இவன் வந்து உட்கார்ந்திருந்தான். அந்த நேரத்தில் நான் புத்தகத்தை நீட்டியிருக்கிறேன். ரத்தினம் சீட்டு தப்பாது. படித்துவிட்டு, சொந்தமாக எழுத வராததால், நாவலில் இருந்த அந்தக் கடிதத்தை அப்படியே பார்த்து ஒரு தாளில் எழுதி, கடைசியில் தன் பெயரைப் போட்டு அனுப்பியிருக்கிறான். முதற்பாகத்தைத் திருப்பித் தந்தான். அந்த ஒன்றரைப் பக்கத்தில் மட்டும் வரிக்கு வரி மையோடு கட்டைவிரல் பதிந்திருந்தது.

மறுநாள் இருவரும் தபால் ஆபீசுக்குப் போனோம். தந்தி எடுக்கும் குமாஸ்தா யாழ்ப்பாணத்துக்காரர்.

"ஊர்ப் பேர் மட்டும் போதாது ஓய். தந்தி ஆபீஸ் எங்கே கிடக்கு?"

"மன்னார்குடிங்க. அங்கேருந்து ஏழு மைல்."

"சரி, என்ன விஷயம்? சுருக்கமாச் சொல்லும்."

"அந்தக் கடுதாசி என்னுது இல்லீங்க. ஒரு பொஸ்தகத்துல இருந்தது. அதுல ரெண்டாம் பாகத்துல பாத்தா, அவ மேல தப்பே இல்ல, அந்தாளு சொன்னது பொய்யின்னு..."

குமாஸ்தா பேனாவைக் கீழே வைத்தார். இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "இதுக்குத் தந்தி காணாது தம்பி. கப்பல்தான் வேணும்" என்றார். பிறகு அவரே இங்கிலீஷில் ஏதோ எழுதி, தமிழில் சொன்னார்: "முன் கடிதம் தவறு. மன்னிக்கவும். சரிதானே? அனுப்புறவர் அவளுக்கு என்ன உறவு?"

வடிவேலு என் முகத்தைப் பார்த்தான். நான் பக்கத்தில்தான் நின்றேன். புருஷன் என்று நானாவது சொல்லியிருக்கலாம். குமாஸ்தா தாமே எழுதிக்கொண்டார்.

5

பதில் அஞ்சலையின் அண்ணனிடமிருந்து வந்தது. அதை நான்தான் வடிவேலுக்குப் படித்துக் காட்டினேன்.

அண்ணன் எழுதியிருந்தது இதுதான். மணியார்டர் தாமதமான இரண்டு மாதம் அஞ்சலை அடுத்த தெரு வீட்டில் நெல் குத்தப் போனாள். அதைத்தான் யாரோ வேறு விதமாகச் சொல்லியிருக்கிறார்கள். உமது கடிதத்தைத் தபால்காரர் வழக்கம்போலத் தெருவில் நின்று உரக்கப் படித்தார். பாதியில் நிறுத்தினார். அவள் "மீதியும் படிங்க" என்றாள். பத்துப் பதினைந்து பேர் கேட்டார்கள். இரண்டு நாள் அவள் வீட்டை விட்டு வெளியே வரவில்லை. மூன்றாம் நாள் தோட்ட வேலைக்கு ஆளாகப் போகும் ஒரு குடும்பத்தோடு, கப்பலேற்ற ஆள் சேர்க்கும் நாகப்பட்டினம் டிப்போவுக்குப் போய்விட்டாள். மலாயாவுக்குத்தான் கப்பல் ஏறினாள் என்று கேள்வி. எந்தத் தோட்டம் என்று தெரியாது.

அவள் இந்த நாட்டில்தான் இருக்கிறாள் என்று தெரிந்ததும் வடிவேலு எழுந்து சட்டையை மாட்டினான், அப்போதே கண்டுபிடித்துவிடுவதைப் போல. தொழிலாளர் ஆபீசுக்குப் போனோம். கணக்கெழுதும் கிராணி ஒருவர் பெரிய புத்தகத்தைப் புரட்டினார். "அஞ்சலைன்னு ஒருத்தியா ரெண்டு பேரா? எந்தக் கப்பல், எந்தக் கங்காணி, எந்தத் தேதி? ஒண்ணும் தெரியாம வந்தா நான் என்ன ஜோசியமா பாக்கறது?" என்றார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை.

அதன் பிறகு வடிவேலுவின் வேலை இரண்டு ஆனது. கேட்டைச் சாத்துவது ஒன்று. மூடிய கேட்டின் முன் நிற்கும் வண்டிக்காரர், கூடைக்காரி, கங்காணி எல்லோரிடமும் கேட்பது ஒன்று. "எந்தத் தோட்டம்? உங்க லயத்துல அஞ்சலைன்னு யாராச்சும் இருக்காங்களா? மன்னார்குடிப் பக்கம். நெத்தியில பச்சை குத்தியிருக்கும்." ஆட்கள் அந்த இடத்துக்கே அஞ்சலை கேட்டு என்று பெயர் வைத்துவிட்டார்கள். விடுமுறை நாளில் ஒவ்வொரு கித்தாத் தோட்டமாக நடந்தான். ரப்பரை இங்கே கித்தா என்போம். சில நாள் நானும் கூடப் போனேன்.

கன்னையா கடையில் கூட்டம் இப்போதும் நடக்கிறது. என்னை யாரும் ஒன்றும் சொல்லவில்லை. நானாகச் சீட்டு எழுதுவதை நிறுத்தினேன். சௌந்தரம்கூட அந்தக் கருவாட்டுப் பேச்சை விட்டுவிட்டாள். கமலா இப்போது தடித்த இங்கிலீஷ் புத்தகங்கள் படிக்கிறாள். எதையாவது படித்துத் தானாகச் சிரிப்பாள். என்னவென்று கேட்டால், "உங்களுக்குச் சொன்னா புரியாதுப்பா" என்பாள். நானும் வற்புறுத்துவதில்லை.

6

போன மாதம் காப்பார் பக்கத்திலிருந்து வந்த ஒரு வண்டிக்காரர் கேட்டில் நின்று, "எங்க தோட்டத்துல நெத்தியில பச்சையோட ஒருத்தி இருக்கா. புருஷன் செத்தவ" என்றாராம். அந்த ஞாயிறு நாங்கள் போனோம்.

தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் லயத்துக்குப் பின்னால் குழாயடியில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். வடிவேலு "அஞ்சல" என்றான். அவள் ஆச்சரியப்படவில்லை. கையில் இருந்த துணியை அலசி முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தாள். கழுத்து வெறுமையாக இருந்தது.

"வீட்டுக்குப் போலாம் புள்ள. மூணு வருஷமாத் தேடுறேன்" என்றான். சொல்லும்போதே அழுதான்.

"நான் ஒங்கள மூணு வருஷம் தேடல. வந்த ரெண்டாம் மாசமே கண்டுபுடிச்சிட்டேன். கிள்ளான் ரயில் கேட்டுன்னு வெலாசம் தெரியுமே. நேர்ல நின்னு கேட்டுப்புடணும்னுதான் கப்பலே ஏறினேன்."

"வந்தியா? எப்ப வந்தே?"

"மார்கழியில. இங்கேருந்து ஒரு அக்காவோட வந்தேன். கேட்டு சாத்தியிருந்துச்சு. சனங்களோட சனமா நின்னேன். நீங்க அந்தப் பக்கம் ஒரு பொஸ்தகத்த வெச்சுக்கிட்டுச் சிரிச்சிட்டு இருந்தீங்க. ரயில் போச்சு. கேட்டத் தொறந்தீங்க. அப்பவும் ஒரு கையில பொஸ்தகம், அப்பவும் சிரிப்பு. எல்லாரும் ஒங்களத் தாண்டிப் போனாங்க. நிமிந்து பாக்கவே இல்ல. சந்தோசமா இருக்கிறவர்கிட்ட என்னத்தக் கேக்குறதுன்னு திரும்பி வந்துட்டேன்."

அந்த மார்கழியில் நான் அவனுக்கு ஒரு ஹாஸ்யக் கதைப் புத்தகம் அனுப்பியிருந்தேன். கிள்ளான் போகும் ரயிலின் கார்டிடம் கொடுத்து. கூட்டத்துக்கு வராமல் வாடியிருக்கிறானே, கொஞ்சம் சிரிக்கட்டும் என்று சீட்டு எழுதி.

வடிவேலு ஓரடி முன்னால் வந்தான். "அந்தக் கடுதாசி நான் எழுதினதே இல்ல புள்ள. பொஸ்தகத்துல இருந்ததப் பாத்து எழுதினேன். சாமி சத்தியமா. இந்தா, இந்த அண்ணன்தான் குடுத்தாரு. கேட்டுப் பாரு."

அவள் என் பக்கம் திரும்பினாள்.

"நீங்கதான் பொஸ்தகம் குடுக்கிறவங்களா?"

தலையை ஆட்டினேன்.

"அந்தக் கதையில வர்றவ, கடுதாசி வந்ததும் என்ன பண்ணா?"

இந்த முறை நான் சொல்லித்தான் ஆகவேண்டும். "அழுதா. அப்புறம் யாருக்கும் தெரியாம அதப் பொட்டியில வெச்சுப் பூட்டிட்டா. அவன் திரும்பி வர்ற வரைக்கும் பொறுத்திருந்தா" என்றேன்.

"யாருக்கும் தெரியாமயா?" அவளுக்கு அது புரியவில்லை. "அப்ப அவளுக்கு யாரு படிச்சுக் காட்டினது?"

"அவளே படிச்சுக்கிட்டா. அவளுக்குப் படிக்கத் தெரியும்."

"அதானே பாத்தேன்" என்றாள்.

வாளியில் கிடந்த துணியை எடுத்துப் பிழிந்தாள். உதறினாள். இரண்டு கித்தா மரங்களுக்கு நடுவே கட்டியிருந்த கொடியில் ஒவ்வொன்றாகப் போட்டுவிட்டு, வாளியைக் கவிழ்த்து இடுப்பில் வைத்துக்கொண்டு லயத்துக்குள் போனாள். உள்ளே ஒரு குழந்தை "அத்தே" என்று கூப்பிட்டது. "வந்துட்டேன்" என்று அவள் சொன்னது எங்களுக்கு வெளியே கேட்டது.